தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடுகிறவர்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்து மதம் என்ன என்று கேட்டால், எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. 'இந்து' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதே ஆட்களைச் சாயங்காலம், நாங்கள் கும்பிடுகிற இடமான நிழல் தாங்கல் திண்ணையில் வைத்துக் கேட்டால், "நாங்க அய்யாவழிலா" என்பார்கள். அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் போகிறவர்கள் என்று அர்த்தம். இது தனி மதமா, இந்து சமயத்தின் ஒரு வழியா என்று எங்களுக்குள்ளேயே வெகுநாளாக வழக்கு உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. தனிக் கட்டம் இல்லாததால் நாங்கள் எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எண்ணிக்கையில் வராத ஒரு கூட்டம் இருநூறு வருஷத்துக்குப் பக்கமாக மனம் உடையாமல் எப்படி நின்றது என்பதுதான் எனக்குக் கேள்வி.

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். பிறந்தது திசையன்விளைப் பக்கம், தேரி மணலும் பனையும் உடைமரமுமான பூமி. ஒரு திசையில் உவரி அந்தோணியார் கோயில், இன்னொரு திசையில் மிஷனரி கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி. 1841இல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். அதே 1841இல் தெற்கே வைகுண்டரின் தாமரைக்குளத்துச் சீடர் அரிகோபாலன், எங்கள் வேதநூலான அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார். நசுங்கிக் கிடந்த அதே சனங்களுக்கு அந்த ஒரே வருஷத்தில் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. சிலர் அந்தப் பக்கம் போனார்கள், சிலர் இந்தப் பக்கம் வந்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே இரண்டும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு அங்கேயிருந்து பலகாரம் வரும். வைகுண்டர் அவதார நாளான மாசி 20க்கு இங்கேயிருந்து இனிமம் என்கிற பிரசாதம் போகும்.

வேலையில் 'மனவலிமை' என்ற சொல்லைத் தினமும் கேட்கிறேன். பயிற்சி வகுப்புகளில் அதை ஏதோ ஒருவர் நெஞ்சுக்குள் இருக்கிற சாமானைப் போலப் பேசுகிறார்கள்: உங்களுக்கு உண்டு, அவருக்குக் குறைவு, இந்தப் பயிற்சி எடுத்தால் கூடும். தாங்கலில் வளர்ந்த எனக்கு அது ஒட்டவே மாட்டேன் என்கிறது. நான் பார்த்தவரை அது ஆட்களுக்கு நடுவில் இருக்கிற ஏற்பாடு. யார் வாசல் தெளிப்பது, யார் பானை ஏற்றுவது, யார் பாடுவது, வராத ஆளைத் தேடி யார் போவது என்கிற ஏற்பாடு. அது நடக்கிற ஊரில் பலவீனமான ஆளும் நிற்கிறார். அது நின்றுபோன ஊரில் திடமான ஆளும் சாய்கிறார்.

முதலில் தலைப்பாகையைச் சொல்கிறேன்.

தென்பாண்டிச் சீமையில் எந்தக் கோயில் வாசலுக்குப் போனாலும் ஆண்களின் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். எங்கள் தாங்கலில் அது தலைக்கு ஏறும். என் சித்தப்பா பனை ஏறியவர். நெஞ்சில் மரம் உரசிக் காய்த்த தழும்பு இன்னும் இருக்கிறது. தாங்கல் வாசலில் காலைக் கழுவிவிட்டு, துண்டை ஒரு உதறு உதறி, ஒரு முனையை இடது காதுக்கு மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு முனையைச் சுற்றிக் கொண்டுவந்து பின்னால் செருகுவார். செருகினதும் அவர் கழுத்து தானாக நேராகும். வெளியே யாரிடம் பேசினாலும் கொஞ்சம் குனிந்தே பேசுகிற மனிதர் அவர். சின்ன வயதில் அதைப் பார்க்கவே நான் முன்னால் போய் நிற்பேன்.

உள்ளே பள்ளியறையில் சிலை கிடையாது. காவித் துணிக்கு நடுவில் ஒரு கண்ணாடி, முன்னால் விளக்கு. கும்பிடுகிறவர் தன் முகத்தைத்தான் பார்க்கிறார், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு. தெய்வம் உனக்குள்ளே இருக்கிறது என்பது அதன் பொருள். அதைப் பெரியவர்கள் விளக்கிச் சொல்வதைவிட, அந்தக் காலத்துத் திருவிதாங்கூரின் நிலவரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரிகிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தலைவரி. பனை ஏறுகிற ஏணிக்கும் காலில் போடுகிற தளைக்கும் வரி. கூலியில்லாத ஊழியம். ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண் தோள்சீலை போடக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. 1809இல் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்களாம். மேல்சாதியார் சண்டைக்கு வந்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். பிள்ளைக்கு வைத்த பேரைக்கூடப் பறித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் பிற்பாடு திருச்செந்தூர்க் கடலுக்குள் போய், 1833 மாசியில் வைகுண்டராக வெளியே வந்தவர் என்பது எங்கள் நம்பிக்கை.

மனம் நொறுங்கியவர்களோடு வேலை செய்கிற எவருக்கும் தெரியும், முதலில் போவது தன்மேல் உள்ள மதிப்பு. தலைமுறை தலைமுறையாக 'நீ கீழ்' என்று சொல்லி வளர்க்கப்பட்டவன், கடைசியில் அதைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்வான். அந்த ஆளைத் தலைப்பாகை கட்டச் சொல்லிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தியது என் கணக்கில் ஒரு பெரிய மருத்துவம்.

புருஷன் இறந்தபிறகு வீட்டுக்கு வெளியே வராத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தலை சீவுவதில்லை, சாப்பாடு இல்லை. ஊரில் உள்ள பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துத் தாங்கலுக்குக் கூட்டிவந்தார்கள். கண்ணாடிக்கு நேராக நின்றவள் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். பார்த்தவுடன் அவள் வலது கை மெல்ல மேலே போய், காதோரம் பறந்துகொண்டிருந்த முடியை ஒதுக்கியது. அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு மாத்திரையும் வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் சாப்பிட்டாள். ஆனால் அந்தக் கை மேலே போனதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது வேலை. மனச்சோர்வுக்கு இப்போது தருகிற பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்று மிக எளிமையானது: மனது சரியாகட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதே, எழுந்து ஒரு சின்ன வேலையைச் செய், மனது பின்னால் வரும். நாளுக்கு ஒரு ஒழுங்கு போட்டுக்கொடுத்து, செய்ததைக் குறித்துக்கொண்டே போவார்கள். நல்ல பலன் தருகிற முறை. இதை வகுப்பில் படித்தபோது எனக்குத் துவையல் தவசு ஞாபகம் வந்தது. திருவிதாங்கூர் அரசு அடைத்த சிறையிலிருந்து 1839இல் வெளியே வந்த வைகுண்டர், எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பினார் என்பது எங்கள் வரலாறு. தினம் மூன்று வேளை துணி துவைத்துக் குளிக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து ஆக்கிய ஒரு நேரச் சாப்பாடு. சேர்ந்து பாட வேண்டும். அடி வாங்கி, ஊழியம் செய்து, நோயும் பஞ்சமும் பார்த்த சனங்களுக்குக் கடலோரத்தில் ஒரு தினசரி ஒழுங்கு. சுத்தத்துக்காகச் செய்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு, சரிதான், அதுவும்தான். என் கண்ணுக்கு அதில் தெரிவது, நாள் முழுவதும் யாருக்கோ உழைத்த கை முதன்முறையாகத் தனக்காக உழைத்தது.

இன்றைக்கும் தாங்கல் அப்படித்தான் ஓடுகிறது. விடியலிலும் அந்தியிலும் உகப்படிப்பு, மதியம் உச்சிப்படிப்பு என்று சேர்ந்து ஓதுவோம். பெருக்கித் தெளிப்பது, விளக்குத் துடைப்பது, பயறு பொறுக்குவது எல்லாமே பணிவிடை. எங்கள் ஆச்சி கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் இருந்தார். அவருக்கும் ஒரு வேலை இருந்தது: சொளகில் பயறைப் பரப்பி விரலால் தடவிக் கல் எடுப்பது. "கல்லு கையிலதானட்டி தெரியும், கண்ணுல எங்க தெரியும்" என்பார். கண்ணுள்ள நாங்கள் யாராவது மறுபடி ஒருமுறை பார்ப்போம், அவருக்குத் தெரியாமல். அவருடைய வேலையை யாரும் நிறுத்தவில்லை. முதியோர் மனநலம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதில் பாதி அந்தச் சொளகில் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் புகுந்தது. என் மைனி வீடு அந்தப் பக்கம். போன் கிடைக்காமல் தவித்து, தண்ணீர் வடிந்து வழி திறந்ததும் போனோம். வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு. மைனியைக் காணோம். மேட்டில் இருந்த தாங்கலில் இருந்தாள், சாக்கில் கிடந்த அரிசியை ஈரமானது ஈரமாகாதது என்று பிரித்துக்கொண்டு. வீடு போய்விட்டதே என்று நான் அழுதேன். அவள், "மொதல்ல அந்தப் பானையை எறக்கு, பந்தி போடணும்" என்றாள். அந்தப் பந்தியில் எந்தச் சாதி, எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. முல்லாக்கள் மாதிரித் தொப்பி போட்ட இரண்டு பெரியவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்ற அகிலத்து வரி தாங்கல் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதற்குக் கீழேதான் அடுப்பு. மைனி அழுதது நாலைந்து மாதம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடித்த அன்றைக்கு. அழுவதற்கும் ஒரு நேரம் வேண்டியிருக்கிறது, அதுவரை கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலையைப் பற்றி சாண்ட்லர், லாலோண்ட் என்ற இருவர் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. பூர்வகுடி என்றாலே தற்கொலை அதிகம் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்த காலம். இவர்கள் ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார்கள். சில ஊர்களில் மிக அதிகம், பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒன்றுமே இல்லை. வித்தியாசம் எங்கே என்று தேடினால், தன்னாட்சி, நில உரிமைக்கான போராட்டம், தங்கள் கையில் உள்ள பள்ளி, மருத்துவம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக்கென்று ஒரு கட்டடம் என்று ஆறு விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். அவை கூடக்கூடத் தற்கொலை குறைந்தது. ஆறும் இருந்த சமூகங்களில், அவர்கள் பார்த்த ஐந்தாண்டுகளில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. இதைப் படித்த அன்று நான் எங்கள் ஊர்த் தாங்கலைத்தான் நினைத்தேன். ஓலைக் கூரையில் தொடங்கி ஊர்க்காரர்கள் வரி போட்டுக் கட்டிய கட்டடம். பூசாரி குடும்பம் என்று ஒன்று கிடையாது, வரவு செலவு ஊருக்கு முன்னால் வாசிக்கப்படும். பக்கத்திலேயே அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த திண்ணை.

ஆனால் பெருமை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. இந்த ஏற்பாட்டுக்குள் இரண்டு இடங்களில் ஆட்கள் காயப்படுவதைப் பார்க்கிறேன்.

ஒன்று நோய். எங்கள் கதையில் துன்பத்துக்குக் காரணம் கலி. நீ செய்த பாவம் இல்லை, உன் பிறப்பின் குறை இல்லை, கலி செய்கிற வேலை; கலி அழியும், தர்மயுகம் வரும். குற்றவுணர்ச்சியில் வெந்துபோகிற ஒருவருக்கு இதைவிட ஆறுதல் கிடையாது. பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து வெளியே நிறுத்திப் பேசுவதை இன்றைய ஆலோசனை முறைகளும் செய்கின்றன. ஆனால் காதில் குரல் கேட்கிற பையனைப் பார்த்தும் இதையே சொன்னால் சிக்கல். பதம் என்கிற தண்ணீரும் திருமண்ணும் கொடுத்து, தாங்கலிலேயே தங்கவைத்து, மாதங்கள் ஓடிவிடும். சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு மீள்வது கஷ்டம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல், 28 பேர் இறந்தார்கள். அதன்பிறகு நம் மாநிலத்தில் நடந்த நல்ல காரியம், ஏர்வாடி தர்காவில் துவா நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மனநல மருத்துவரும் மருந்தும் வந்தது. நம்பிக்கையை விடச் சொல்லாமல் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிற வழி. எங்கள் பக்கத்துத் தாங்கல்களிலும் இதற்கு மனம் உள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பையன் ஒருவனை, தலைப்பாகையோடேயே பஸ் ஏறி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த ஒரு பணிவிடைக்காரரை நான் பார்த்தேன். "தண்ணியும் மண்ணும் நான் குடுத்தாச்சு, மருந்து நீங்க குடுங்க" என்றார். பையன் இப்போது பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறான்.

இரண்டாவது எனக்கு இன்னும் வலிக்கிற இடம். பொறுமை. எங்கள் வழியில் பொறுமைக்குப் பெரிய இடம் உண்டு. பழிவாங்காதே, கலி தானே அழியும் என்கிறது அகிலம். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு வாழ்கிற பெண்ணிடம் போய் இதைச் சொல்கிறார்கள். "அய்யா பொறுக்கச் சொல்லியிருக்காவ, பொறுத்துக்கோ மக்கா" என்று. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது அய்யா சொன்ன பொறுமை இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். யாரைப் பொறுக்கச் சொன்னாரோ அவர்களைத்தான் தலைப்பாகை கட்டவும் சொன்னார். கூலியில்லாத ஊழியத்துக்குப் போகாதே என்றார். பொதுக் கிணற்றில் விடமாட்டார்கள் என்றால் நமக்கென்று கிணறு வெட்டி எல்லாச் சாதியும் இறைத்துக் குளிக்கட்டும் என்றார். அய்யா வாழ்ந்த சுவாமித்தோப்பில் அந்த முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. கையை ஓங்காதே, ஆனால் அடிக்குக் கீழே குனிந்து நிற்காதே என்பதுதான் அந்தப் பொறுமை. பாதியை எடுத்துவிட்டு மீதியைப் பெண்ணுக்கு மட்டும் கொடுப்பது அய்யாவழி ஆகாது.

மரபை மாற்றினால் மரபு அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு யாசிதிகளைச் சொல்வேன். வட இராக்கின் பழைய சமயம், எங்களைவிடப் பலமடங்கு பழையது, எண்ணிக்கையில் சிறியது. 2014 ஆகஸ்டில் சிஞ்சாரில் ஐஎஸ் அமைப்பு அவர்களைக் கொன்று, ஆயிரக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோனது. வேற்று மதத்துக்குப் போனவர், வேற்று ஆளோடு சேர்ந்தவர் திரும்ப வர முடியாது என்பது அவர்களின் கண்டிப்பான விதி. அவர்களுடைய மூத்த சமயத் தலைவரான பாபா ஷேக், தப்பி வந்த பெண்கள் எல்லோரும் நம் பிள்ளைகள், அவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். லாலிஷ் கோயிலில் உள்ள ஊற்று நீரால் மறுபடி நீராட்டி உள்ளே எடுத்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு அந்த நீராட்டு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டுபோனவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை மட்டும் இன்றும் சமூகம் ஏற்கவில்லை. பிள்ளையா, ஊரா என்று தாய்மார் தவிக்கிறார்கள். திறந்த கதவிலும் மீந்துபோகிற வலி உண்டு. இருந்தாலும் திறந்தார்களே.

எங்களுக்கு அவ்வளவு பெரிய விதியை மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. அகிலத்தில் எந்த வரியை எடுத்து யாருக்கு வாசிக்கிறோம் என்பதை மாற்றினால் போதும்.

வெளியூர் போன பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பையன்கள் பதினெட்டு வயதில் சென்னைக்கும் மும்பைக்கும் மளிகைக் கடை வேலைக்குப் போகிறார்கள். காலையில் ஷட்டர் தூக்கி ராத்திரி இறக்குகிற வேலை. மாசிக்கு லீவு கிடைத்தவன் ஊருக்கு வருகிறான், கிடைக்காதவன் கடை மூலையில் படுத்துக்கொண்டு போனில் உகப்படிப்பைக் கேட்கிறான். மாசி 20க்கு எங்கள் பக்கத்து மாவட்டங்களில்தான் உள்ளூர் விடுமுறை. சென்னையில் அது இன்னொரு வேலை நாள். இவர்களில் யாருக்கு மனது சரியில்லை என்பது ஊருக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். ஏற்பாட்டுக்கு வெளியே விழுந்தவர்கள் இவர்கள்தான்.

ஆகவே எங்கள் தாங்கல் பெரியவர்களிடம் மூன்று காரியம் கேட்டிருக்கிறேன். அறிவிப்புப் பலகையில் அரசின் மனநல உதவி எண் 14416ஐ எழுதிப்போட வேண்டும், எழுதிவிட்டார்கள். வெளியூர்ப் பையன்களுக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணுகிற பொறுப்பைப் பணிவிடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு அண்ணாச்சிமார் ஏற்றுக்கொண்டார்கள், அதில் ஒருவர் போன் எடுக்காத பையனின் முதலாளியையே கூப்பிட்டு விசாரிக்கிற ஆள். மூன்றாவது, அகிலத்தை ஊர் கூடி வாசிக்கிற அடுத்த திருஏடு வாசிப்பில் ஒரு நாள் பெண்கள் வாசிக்க வேண்டும், பொறுமை வருகிற பகுதியை அவர்களே விளக்கிச் சொல்ல வேண்டும். இதில்தான் பேச்சு இன்னும் முடியவில்லை. வாசிக்கட்டும், விளக்கத்தை மட்டும் வழக்கமாகச் சொல்கிறவரே சொல்லட்டும் என்கிறார்கள் சிலர். விளக்கம் இல்லாமல் வாசிக்க மாட்டோம் என்று மைனியும் அவள் கூட்டாளிகளும் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பந்திக்கு அப்புறம் மறுபடி கூடுகிறோம். நானும் போகிறேன்.